ரோசி இழந்த மேடை

பி.கே. ரோசியைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகளில் பெரும்பாலானவை 'மலையாளத் திரையுலகின் முதல் கதாநாயகி' என்ற தொடருடன் தொடங்கித் திருவனந்தபுரம் கேப்பிட்டல் திரையரங்கில் எறியப்பட்ட கற்களோடு முடிகின்றன. இடையில் இருப்பது 'விகதகுமாரன்' என்னும் ஒரே ஒரு திரைப்படம். அதன் படச்சுருளும் இன்று இல்லை. இவ்வாறு சொல்லும்போது அவருடைய கலைவாழ்வு ஒரு படத்தின் நீளத்துக்குச் சுருங்கிவிடுகிறது. ஆனால் படப்பிடிப்புக்கு வந்த நாளில் ரோசி நடிப்புக்குப் புதியவர் அல்லர். காக்காரிச்சி நாடகத்தில் முறையாகப் பயின்று, மேடையில் தேர்ச்சி பெற்றிருந்த இளம் நடிகை அவர். கற்கள் விழுந்த அந்த மாலைக்குப் பின் அவர் இழந்தது இனி வரக்கூடிய படங்களை மட்டுமன்று. ஏற்கெனவே கையிலிருந்த தொழிலை. இந்த இழப்பைத் திரைப்பட வரலாறு கணக்கில் எடுக்கவில்லை. நாடக வரலாறோ அவரையே கணக்கில் எடுக்கவில்லை.

அவருடைய வாழ்க்கைக் குறிப்புகள் மிகச் சிலவே. 1903 பிப்ரவரி 10 அன்று திருவனந்தபுரம் நந்தன்கோட்டில் புலையர் குடும்பம் ஒன்றில் பிறந்ததாகக் கொள்ளப்படுகிறது. இட்ட பெயர் ராஜம்மா. இளமையிலேயே தந்தையை இழந்து, புல்லறுத்து விற்றுப் பிழைத்த குடும்பம் அது. உறவினர் ஒருவரின் ஊக்கத்தால் பாட்டும் நடிப்பும் கற்றார். ரோசி என்ற பெயர் குடும்பத்தின் கிறித்தவத் தொடர்பால் வந்தது என்பாரும் உண்டு. திரைக்காகச் சூட்டப்பட்டது என்பாரும் உண்டு. இச்செய்திகளில் பெரும்பகுதி நிகழ்வுக்குப் பல பத்தாண்டுகள் கழித்துத் திரட்டப்பட்ட வாய்மொழிச் சான்றுகளை நம்பியிருக்கிறது. குன்னுக்குழி எஸ். மணி, சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் ஆகியோரின் விடாமுயற்சி இல்லையென்றால் இவ்வளவும் எஞ்சியிருக்காது.

அவர் பயின்ற கலையின் இயல்பைப் புரிந்துகொள்ளாமல் அவருக்கு நேர்ந்ததைப் புரிந்துகொள்ள இயலாது. காக்காரிச்சி நாடகம் தென்திருவிதாங்கூரின் நாட்டார் அரங்கு. அதன் மொழி தமிழும் மலையாளமும் கலந்தது. சிவனும் பார்வதியும் மண்ணுலகில் காக்கான், காக்காத்தி என்னும் நாடோடிகளாக அலைகிறார்கள் என்பது கதையின் அடிப்படை. ஊர்த்தலைவனாகிய தம்புரான் 'நீ யார், எங்கிருந்து வருகிறாய்' என்று கேள்விகளை அடுக்க, காக்கான் ஆடியும் பாடியும் நையாண்டி பேசியும் விடை சொல்வான். மிருதங்கம், கஞ்சிரா, இலத்தாளம், ஆர்மோனியம் ஆகியவற்றின் துணையோடு இரவில் நிகழும் இந்த நாடகத்தில் நடிகருக்கு வேண்டியவை மூன்று: பாட்டு, ஆட்டம், அந்தந்த நொடியில் சுடச்சுட விடை சொல்லும் நாவன்மை. எழுதி வைத்த வசனத்தை ஒப்பிப்பவர் இதில் நிலைக்க முடியாது. இருமொழியிலும் புழங்கும் நாக்கும், கூட்டத்தின் மனநிலையை அளக்கும் கூர்மையும் உள்ளவரே காக்காரிச்சியில் தேறுவார். ரோசி அத்தகைய பயிற்சியிலிருந்து வந்தவர்.

அன்றைய மேடையில் பெண் வேடம் பெரும்பாலும் ஆணுக்கே உரியதாக இருந்தது. மலையாள இசை நாடகத்தில் பெண் வேடத்தால் புகழின் உச்சிக்குச் சென்ற ஓச்சிற வேலுக்குட்டி ஓர் ஆண். ரோசியின் ஊரான திருவனந்தபுரத்திலேயே 1912இல் பிறந்த தி.க. சண்முகம், பெண் வேடக் கலைஞரான கண்ணுசாமிப் பிள்ளையின் மகன். பின்னாளில் ஔவையார் வேடமிட்டு 'ஔவை' என்ற அடைமொழியையே பெயராகப் பெற்றவர். சென்னையில் ஒரு சாலை இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. பெண்ணாக நடித்த ஆணுக்குத் தமிழ் மேடை தந்த பெருமை அது. அவருடைய கலைத்திறன் அதற்கு முற்றிலும் தகுதியானதே. அதே நகரத்தில், ஏறத்தாழ அதே காலத்தில், பெண்ணாகவே பிறந்து பெண்ணாக நடித்த ஒருத்திக்குக் கிடைத்தது கல்லெறி. இவ்விரு வாழ்வுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வழக்கம் அரங்கியல் ஆய்வில் இன்னும் ஏற்படவில்லை.

திரைப்படத்தின் கதை பலரும் அறிந்தது. அகஸ்தீசுவரத்தைச் சேர்ந்த ஜே.சி. டேனியல் தம் நிலத்தை விற்றுப் பட்டத்தில் 'திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். பம்பாயிலிருந்து வரவழைக்கப்பட்ட நடிகை நிலைக்காமற் போகவே, நாடக நடிகையான ரோசி நாயகியானார். பத்து நாள் வேலைக்கு நாளொன்றுக்கு 5 ரூபாய் கூலி என்று சொல்லப்படுகிறது. அவர் ஏற்ற பாத்திரம் சரோஜினி என்னும் நாயர் குலப் பெண். படம் வெளியான நாள் 1928 நவம்பர் 7 என்று நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. 1930 அக்டோபர் 23 என்று பிற்கால ஆய்வாளர்கள் திருத்தியிருக்கிறார்கள். கேப்பிட்டல் திரையரங்கில் முதற்காட்சியைத் தொடங்கி வைத்தவர் புகழ்பெற்ற வழக்கறிஞர் மள்ளூர் கோவிந்தப் பிள்ளை. ரோசி அரங்கினுள் இருக்கக் கூடாது என்பது ஊர்ப்பெரியோரின் நிபந்தனையாக இருந்தது என்று பதிவுகள் சொல்கின்றன. தாம் நடித்த படத்தைப் பார்க்க வந்தவர் வெளியே நின்றார். நாயகன் நாயகியின் கூந்தற்பூவை முத்தமிடும் காட்சியில் திரையின்மீது கற்கள் விழுந்தன. பின்னர் ரோசியின் குடிசை எரிக்கப்பட்டது. ஊரைவிட்டுத் தப்பிச் செல்வதைத் தவிர அவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

இங்கே ஒரு கேள்வி எழவேண்டும். காக்காரிச்சியில் பெண் பாத்திரம் என்பது காக்காத்தி; காக்காத்தி என்பவளோ சாட்சாத் பார்வதி. ஒடுக்கப்பட்ட குலத்து நடிகை தேவியாக வேடமிடுவதை அச்சமூகம் பொறுத்துக்கொண்டது. ஆனால் அதே நடிகை ஒரு தறவாட்டுப் பெண்ணாக வேடமிட்டபோது பொறுக்க முடியவில்லை. தெய்வத்தைவிட நாயர் வீடு எவ்வாறு உயர்ந்ததாயிற்று?

விடை வேடத்தில் இருக்கிறது. காக்காரிச்சியில் தெய்வமே கீழிறங்கி நாடோடியின் கந்தலை அணிகிறது. தம்புரான் கேள்வி கேட்கும் இடத்திலும் நாடோடி விடை சொல்லும் இடத்திலும் நின்றபடியேதான் நையாண்டி நிகழ்கிறது. எவ்வளவு கூர்மையாகப் பேசினாலும் நாடகம் முடிந்ததும் அவரவர் இடம் அவரவருக்கே. 'விகதகுமாரன்' அந்த ஒழுங்கைத் தலைகீழாக்கியது. புலையப் பெண்ணொருத்தி உயர்குல உடையும் நகையும் அணிந்து, எந்தக் கேலியும் இன்றி, உயர்குலப் பெண்ணாகவே கண்ணியத்துடன் நின்றாள். பார்த்தவர்களால் அதை வேடமென்று எடுத்துக்கொள்ள இயலவில்லை. தங்கள் வீட்டினுள் அவள் நுழைந்துவிட்டதாகவே கொண்டார்கள்.

உடை என்பது திருவிதாங்கூரில் ஒருபோதும் வெறும் உடையாக இருந்ததில்லை. நாடார் பெண்களின் தோள்சீலைப் போராட்டத்துக்குப் பின்னரே 1859இல் மேலாடைக்கான அரசாணை வந்தது. 1915இல் கொல்லத்தை அடுத்த பெரிநாட்டுப் போராட்டத்தில், அய்யன்காளியின் அறைகூவலை ஏற்றுப் புலையப் பெண்கள் அடிமைக் குறியான கல்மாலைகளை அறுத்தெறிந்து மேலாடை அணிந்தார்கள். அப்போது ராஜம்மாவுக்கு வயது 12. பஞ்சமி என்ற சிறுமியைப் பள்ளியில் சேர்க்க அய்யன்காளி முயன்றதற்காக ஊரூட்டம்பலம் பள்ளிக்கூடமே தீக்கிரையாக்கப்பட்ட காலமும் அதுதான். நுழையக் கூடாத இடத்தில் ஒரு தலித் பெண் நுழைந்தால் அந்த இடத்தையோ அவள் இடத்தையோ கொளுத்துவது என்பது கேப்பிட்டல் திரையரங்கில் புதிதாகத் தோன்றிய வெறியன்று. ரோசி கட்டிய சேலையை அந்த நெடிய போராட்டத்தின் தொடர்ச்சியாகவே வாசிக்க வேண்டும். வேறுபாடு ஒன்றே: பெரிநாட்டில் ஆயிரக்கணக்கானோர் ஒன்றாக நின்றார்கள், திரையரங்கின் வாசலில் ரோசி தனியாக நின்றார்.

இன்னொரு முரணும் உண்டு. 'விகதகுமாரன்' ஊமைப்படம். மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' 1938இல்தான் வந்தது. காக்காரிச்சி நடிகையின் தலையாய செல்வங்களான குரலும் நாவன்மையும் ஊமைப்படத்துக்குத் தேவைப்படவில்லை. ரோசியிடமிருந்து திரை எடுத்துக்கொண்டது அவர் உடலையும் முகத்தையும் மட்டுமே. சாதி தேடிப் படிக்கும் பொருளும் அவ்விரண்டுதான். எந்தக் கலையில் அவர் தேர்ந்திருந்தாரோ அதை வாங்கிக்கொள்ள இயலாத ஊடகம், அக்கலையை அவர் இனி எங்கும் நிகழ்த்த முடியாதபடி செய்துவிட்டது. 'முதல் நாயகி' என்ற பட்டம் அவருக்குச் சூட்டப்படும் ஒவ்வொரு முறையும் இந்த விலை மறக்கப்படுகிறது.

'தமிழ்நாட்டுக்குத் தப்பி ஓடினார்' என்று வழக்கமாக எழுதப்படும் வாக்கியமும் திருத்தப்பட வேண்டியது. லாரி ஒன்றில் ஏறி ரோசி சென்று சேர்ந்த நாகர்கோவில் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் பகுதி. 1956 நவம்பர் 1 அன்றுதான் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டுடன் இணைந்தது. அப்படியானால் அவர் ஓடியது வேறொரு நாட்டுக்கோ வேறோர் அரசின் பாதுகாப்புக்கோ அன்று. தலைநகரிலிருந்து அதே சமஸ்தானத்தின் தெற்குப் பகுதிக்கு. அன்று ஆட்சிப் பொறுப்பிலிருந்தவர் மகாராணி சேது லட்சுமி பாயி. ஒரு பெண் ஆண்ட காலத்தில், வைக்கம் போராட்டம் முடிந்து சில ஆண்டுகளே ஆன நிலையில், அரசின் தலைநகரிலேயே ஒரு நடிகையின் வீடு எரிந்தது. 'தமிழ்நாட்டுக்கு ஓடினார்' என்று எழுதும்போது அந்த அரசின் பொறுப்பு வாக்கியத்திலிருந்து நழுவிவிடுகிறது. அத்துடன் ரோசி ஒரு மாநிலத்தின் நினைவிலிருந்து விலகி, மற்றொரு மாநிலத்தின் நினைவில் ஒருபோதும் சேராமல் போனதற்கான காரணமும் மறைந்துவிடுகிறது. எல்லைக்கோடு பின்னால் வந்தது. வந்தபோது அவரை இரு பக்கத்துக்கும் அயலாராக்கியது.

லாரி ஓட்டிவந்தவரையே அவர் மணந்துகொண்டார். கணவர் நாயர் சமூகத்தவர். அதன்பின் 1988இல் இறக்கும்வரை அவர் ராஜம்மாள். நாயர் பெண்ணாக நடித்ததற்காகத் துரத்தப்பட்டவர் வாழ்நாள் முழுதும் நாயர் வீட்டுப் பெண்ணாக வாழ்ந்தார் என்று இதை விதியின் விளையாட்டாகச் சொல்லிக் கடப்பது எளிது. ஆனால் அந்த வாழ்வுக்கு அவர் கொடுத்தது பிறப்பையும் கலையையும் பற்றிய முழு மௌனம். ஏறக்குறைய 60 ஆண்டுகள் ஒரு பாடகி ஊரறியப் பாடாமல் இருந்தார் என்பதே அதன் பொருள். விளையாட்டு என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை.

இந்த மேடைவாழ்வு தொடர்ந்திருக்க வழி இருந்ததா? இருந்தது என்பதற்கு மூன்று ஒப்பீடுகள் போதும்.

முதலாவது, கே.பி. சுந்தராம்பாள். ரோசியைப் போலவே வறுமையிலிருந்து மேடைக்கு வந்தவர். நாடகத்திலிருந்து திரைக்குச் சென்றவர். 1935இல் 'நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்தார். ஊதியம் ஒரு லட்சம் ரூபாய் என்பது தமிழ்த் திரை வரலாற்றில் நிலைத்த செய்தி. அப்படம் கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. ஆனால் சுந்தராம்பாளின் கலைவாழ்வு முறியவில்லை. ஒரு நடிகை புலையராகிய நந்தனாரின் வேடத்தைப் புனையலாம். புலையராகப் பிறந்த நடிகை மேல்சாதிப் பெண்ணின் வேடத்தைப் புனையலாகாது. வேடத்துக்கும் ஏணிப்படி உண்டு. அதில் இறங்குவதற்கு மட்டுமே அனுமதி என்பதை இவ்விரு படங்களும் சேர்ந்து சொல்கின்றன.

இரண்டாவது, நிலம்பூர் ஆயிஷா. 1950களில் மலபாரின் இடதுசாரி நாடக மேடையில் ஏறிய முஸ்லிம் பெண். அவர்மீதும் கல் விழுந்தது. மேடையில் நின்றபோதே துப்பாக்கியாலும் சுடப்பட்டார். ஆயினும் அவர் நடிப்பைக் கைவிடவில்லை. அவரது நெஞ்சுரம் ஐயத்துக்கு அப்பாற்பட்டது. ஆனால் நெஞ்சுரம் மட்டுமே காரணமாக இருந்திருக்க முடியாது. அவருக்குப் பின்னால் ஒரு நாடகக்குழு இருந்தது. குழுவுக்குப் பின்னால் ஓர் இயக்கம் இருந்தது. ரோசிக்கு இருந்தது நொடித்துப்போன ஒரு தயாரிப்பாளர் மட்டுமே. டேனியலாலும் அதன்பின் இன்னொரு படம் எடுக்க இயலவில்லை. எனவே ரோசியின் கதையைத் துணிவு, துயரம் என்னும் இரு சொற்களில் அடக்கிவிடக் கூடாது. கலைஞரைத் தாங்கும் அமைப்பு இருந்ததா என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

மூன்றாவது ஒப்பீடு நாடக வரலாற்றாசிரியர்களுக்கே உரியது. 1929இல் வி.டி. பட்டதிரிப்பாட்டின் 'அடுக்களையிலிருந்து அரங்கத்துக்கு' என்ற நாடகம் திருச்சூரை அடுத்த எடக்குன்னியில் அரங்கேறியது. நம்பூதிரிப் பெண்களின் விடுதலையைப் பேசிய அந்நாடகம் கேரள அரங்கின் திருப்புமுனையாகக் கொண்டாடப்படுவது நியாயமே. ஆயினும் அந்த மேடையில் பெண் பாத்திரங்களை ஏற்றவர்கள் ஆண்கள். அதே ஆண்டுகளில் தெற்கே ஒரு பெண் அடுக்களையிலிருந்தல்ல, புல்வெளியிலிருந்து மெய்யாகவே அரங்கத்துக்கு வந்திருந்தாள். பெண் அரங்குக்கு வருவதைப் பற்றிய நாடகம் பாடநூலில் இருக்கிறது. அரங்குக்கு வந்த பெண் பாடநூலில் இல்லை. வி.டி.யின் பெருமையைக் குறைப்பதற்காக இதைச் சொல்ல வேண்டியதில்லை. எழுத்துப் பிரதியுள்ள நாடகத்தையே நாடகமென்று எண்ணிய கல்விப்புலத்தின் பழக்கம் யாரை வெளியே நிறுத்தியது என்பதைக் காட்ட இந்த ஓர் ஒப்பீடு போதுமானது.

இதற்கு மறுப்பு ஒன்று வரக்கூடும். ரோசி இன்று மறக்கப்படவில்லையே என்பது அது. உண்மைதான். வினு ஆபிரகாமின் 'நஷ்டநாயிகா' நாவலும், 2013இல் வந்த கமலின் 'செல்லுலாயிட்' படமும் அவர் பெயரைப் பரவலாக்கின. திரைத்துறைப் பெண்கள் கூட்டமைப்பு 2019இல் அவர் பெயரால் திரைப்படக் கழகம் தொடங்கியது. சென்னையில் நீலம் பண்பாட்டு மையம் அவர் பெயரில் திரைப்பட விழா நடத்துகிறது. 2023 பிப்ரவரி 10 அன்று கூகுள் தன் முகப்பில் அவருக்குச் சிறப்புச் சித்திரம் வெளியிட்டது. இவை யாவும் போற்றத்தக்கவை. ஆனால் இவை அனைத்தும் திரையைச் சார்ந்த நினைவுகள். கேரள அரசு 1992இல் ஏற்படுத்திய உயரிய திரைவிருது டேனியலின் பெயரைத் தாங்குகிறது. அதற்கு 17 ஆண்டுகளுக்கு முன்பே, 1975இல், டேனியல் அகஸ்தீசுவரத்தில் வறுமையில் இறந்திருந்தார். திரைக்குத் தாமதமாகவேனும் நினைவு திரும்பியிருக்கிறது. நாடகத்துக்கு அது இன்னும் திரும்பவில்லை.

சான்றுகள் போதாமையும் ஒரு காரணமாகக் காட்டப்படும். படச்சுருள் இல்லை, இணையத்தில் உலவும் ஒளிப்படம் அவருடையதுதானா என்பதே விவாதத்துக்குரியது. அப்படியிருக்க, மேடையில் அவர் நடித்ததை எவ்வாறு ஆய்வது? காக்காரிச்சிப் பாடல்களும் ஆட்டமுறைகளும் தென்கேரளத்தில் முற்றிலும் அழிந்துவிடவில்லை என்பதே இதற்கான விடை. ஒரு நடிகையின் முகம் கிடைக்காதபோதும் அவர் பயின்ற கலையின் இலக்கணம் கிடைக்கும். எந்தப் பாடல் எந்தச் சூழலில் எத்தகைய குரலைக் கோருகிறது, காக்காத்தியின் விடைகள் எவ்விடத்தில் தமிழாகவும் எவ்விடத்தில் மலையாளமாகவும் மாறுகின்றன என்று ஆராய்ந்தால், ரோசி கற்றது என்ன என்பதை ஓரளவேனும் மீட்டெடுக்கலாம். கற்பனைக் காட்சிகளால் அவர் வாழ்வின் இடைவெளிகளை நிரப்புவதைவிட இது நேர்மையான பணி.

இப்பணிக்கு இருமொழி அறிவு வேண்டும். மலையாள நாட்டாரியல் காக்காரிச்சியைத் தமிழ் கலந்த கலை என்று ஓரமாக வைத்தது. தமிழ் நாட்டாரியல் அதைக் கேரளக் கலை என்று விட்டுவிட்டது. 1956இன் எல்லை ரோசிக்குச் செய்ததையே பல்கலைக்கழகத் துறைகளின் எல்லை அவர் கலைக்குச் செய்திருக்கிறது. காரியவட்டத்திலுள்ள கேரளப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையும், நாகர்கோவில் கல்லூரிகளின் தமிழ்த்துறைகளும், திருச்சூர் நாடகப் பள்ளியும் ஒன்றுசேர்ந்து செய்யத்தக்க வேலை இது. முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள் எத்தனையோ பேர்; காக்காரிச்சி மேடையின் பெண்கலைஞர்கள் என்ற தலைப்பை எடுக்க முதலில் ஒருவர் முன்வந்தால் போதும். அந்த ஆய்வேட்டின் முதல் இயலில் ரோசியின் பெயர் வருமானால், அங்கே அவர் ஒரு படத்தின் நாயகியாக அன்றி, தொழில் தெரிந்த ஒரு நாடகக் கலைஞராக அறிமுகமாவார். அவர் இழந்ததை அது மீட்டுத் தராது. எதை இழந்தார் என்பதையாவது சரியாகச் சொல்லும்.